மரத்தின் விலையும் வண்டியின் பயனும்

இப்பகுதியில் நாம் பெரும்பாலும் முன்பதிவு, சீசன் சீட்டு, விடுமுறைக் காலத் தனி வண்டிகள் ஆகியவற்றைப் பற்றியே எழுதி வருகிறோம். இத்திங்கள் சகோதரி ஒருவர் வேறொரு வினா விடுத்துள்ளார். "நகரில் மெட்ரோ ரயில் அமைக்கிறார்கள், அதற்காக மரங்களை வெட்டுகிறார்கள். ரயில் வேண்டும் என்கிறார் என் கணவர். மரம் வேண்டும் என்கிறாள் மகள். ரயில்வேயில் பணிபுரியும் தாங்கள் யார் பக்கம்?" என்பது அவ்வினா.

நாம் உண்பது ரயில்வேயின் சோறு. ஆகவே ரயிலின் பக்கம் பேசுவோம் என எதிர்பார்ப்பது இயல்பே, பேசவும் செய்வோம். மும்பையின் புறநகர் வண்டிகளில் காலையிலும் மாலையிலும் தொங்கிச் செல்லும் கூட்டத்தை அறியாத தமிழ்க் குடும்பம் அந்நகரில் இராது. 2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும், ஆண்டொன்றுக்கு 2,000க்கும் மேற்பட்டோர் அப்பாதைகளில் உயிர் இழந்தனர். தண்டவாளத்தைக் கடக்கையில் மாண்டோரும், வண்டியினின்று வீழ்ந்து மாண்டோரும் அவருள் அடங்குவர். அத்தகைய நகருக்குக் கதவு மூடிய புதிய வண்டி ஆடம்பரம் அன்று. சாலையில் ஓடும் ஊர்திகள் குறைவதால் காற்றும் ஓரளவு தூய்மை பெறும். புகைக் குறைப்புக்கான கரியமில ஈட்டுச் சான்றை 2011ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அவை தில்லி மெட்ரோவுக்கு அளித்தது. உலக மெட்ரோ ரயில்களுள் அதனை முதலிற் பெற்றது தில்லியே.

நிற்க. ஒரு செயல் நல்லது என்பதனால், அதன் செலவை எண்ண வேண்டா என்பது பொருளன்று. நாட்டின் பாதுகாப்புக்கே அணை கட்டினாலும், எத்தனை ஊர் மூழ்கும் என்று கேட்டே தீர வேண்டும். அங்ஙனம் கேட்கும் முறைக்கே சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு என்று பெயர். 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நடுவணரசு 1994இல் ஓர் அறிவிக்கையும், அதற்கு மாற்றாக 2006இல் மற்றோர் அறிவிக்கையும் வெளியிட்டது. அவற்றின்படி, பட்டியலிற் கண்ட பெருந்திட்டங்களைத் தொடங்கும் முன்னரே நிலம், நீர், காற்று, உயிர்கள், மக்கள் ஆகியவற்றுக்கு நேரக்கூடிய விளைவுகளை ஆராய்ந்து எழுதி, மக்களின் கருத்தையும் கேட்டு, அதன் பின்னரே இசைவு பெறுதல் வேண்டும்.

ஈண்டு அன்பர்கள் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அப்பட்டியலில் நெடுஞ்சாலை உண்டு, விமான நிலையம் உண்டு, துறைமுகம் உண்டு. ரயில் பாதை இல்லை, மெட்ரோவும் இல்லை. ரயில் தூய்மையான ஊர்தி என்னும் எண்ணமே இதற்கு அடிப்படை போலும். மெட்ரோ திட்டங்கள் பலவற்றுக்கு அறிக்கை எழுதப்படுவது உண்மையே. எனினும் அவ்வறிக்கைகளைப் பெரும்பாலும் கேட்பது கடன் கொடுப்போரின் விதி. மும்பையின் மூன்றாம் தடத்துக்குக் கடன் அளித்த ஜப்பானியப் பன்னாட்டுக் கூட்டுறவு முகமை அத்தகைய விதிகளை உடையது. கடன் கொடுத்தவர் கேட்கும் கணக்குக்கும், குடிமக்கள் கேட்கும் கணக்குக்கும் வேறுபாடு உண்டன்றோ?

அம்மூன்றாம் தடத்தையே சான்றாகக் கொள்வோம். கஃப் பரேடிலிருந்து ஆரே வரை 33.5 கிலோமீட்டர், 27 நிலையங்கள், அவற்றுள் 26 நிலத்தின் கீழ் அமைந்தவை. தாராவியிலும் ஒரு நிலையம் உண்டு. நம்மவர் மிகுதியாக வாழும் இடம் அது. 2024 அக்டோபரில் முதற் பகுதியும், 2025 அக்டோபரில் இறுதிப் பகுதியும் திறக்கப்பட்டன. இத்துணைப் பெரிய சுரங்கப் பாதையைக் குறித்து நீண்ட வழக்கு எழுந்தது எங்கே? வண்டிகள் இரவில் தங்கவும் பழுது பார்க்கவும் வேண்டிய 'கார் ஷெட்' என்னும் பணிமனையைப் பற்றியே.

அதற்கெனக் குறித்த இடம் ஆரே பால் குடியிருப்பு. 1949இல் நகரத்து மாடுகளுக்கென நிறுவப்பட்ட அப்பரந்த நிலம், சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவை ஒட்டியது. சிறுத்தைகள் நடமாடுவதும், வார்லி முதலிய பழங்குடியினர் சிற்றூர்களாக வாழ்வதும் அங்கேதான். பணிமனை நிலமோ மித்தி ஆற்றின் கரையோரம் உள்ளது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதையும், மித்தி கரை புரண்டதையும் மும்பை அன்பர்கள் மறந்திரார்.

பணிமனைக்காக 2,185 மரங்களை வெட்டவும், 461 மரங்களைப் பெயர்த்து நடவும் 2019 ஆகஸ்டில் மாநகராட்சியின் மர ஆணையம் இசைவு தந்தது. அக்டோபர் 4ஆம் நாள் பம்பாய் உயர் நீதிமன்றம் எதிர்ப்பு மனுக்களைத் தள்ளியது. அன்றிரவே கோடரி விழுந்தது. தடுக்கச் சென்றோருள் 29 பேர் கைது செய்யப்பட்டனர். 7ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வெட்டுதலை நிறுத்தியபோது, 2,141 மரங்கள் சாய்ந்து கிடந்தன. 2020இல் பணிமனையைக் காஞ்சூர்மார்க்குக்கு மாற்ற அன்றைய மாநில அரசு முனைந்தது. நில உரிமை வழக்கில் உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்தது. 2022இல் வந்த அரசு மீண்டும் ஆரேக்கே திரும்பியது. அவ்வாண்டு நவம்பரில் மேலும் 84 மரங்களுக்கு இசைவு கோர உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. மெட்ரோ கழகமோ 177 மரங்களுக்கு இசைவு கேட்டது. எல்லை மீறியதற்காக 2023 ஏப்ரலில் 10 லட்சம் ரூபாய் அபராதம் விதித்த அதே நீதிமன்றம், திட்டம் நின்றுவிடலாகாது என்று 177 மரங்களையும் அகற்ற விட்டது.

இனி நம் கருத்தைச் சொல்வோம். கணக்கெழுதிப் பழகிய கை நம்முடையது. வரவு எந்தக் கணக்கைச் சார்ந்ததோ, அந்தக் கணக்கில்தான் அதனைப் பதிய வேண்டும். மரங்கள் உறிஞ்சும் கரியமில வாயுவை, வண்டி ஓடத் தொடங்கிய சின்னாட்களிலேயே ஈடு செய்துவிடும் என்பது கழகத்தின் வாதமாக இருந்தது. வாயுவை மட்டும் எண்ணினால் அது மெய்யாகவே இருக்கலாம். ஆயினும் அஃது எந்தக் கணக்கின் வரவு? பணிமனை காஞ்சூர்மார்க்கில் அமைந்திருப்பினும் அதே வண்டிதான் ஓடியிருக்கும். அதே புகைதான் குறைந்திருக்கும். எனவே ரயிலின் நன்மை முழுவதையும், ஆரேயில் வெட்டிய மரங்களுக்கு எதிரே வரவு வைத்தல் முறையன்று. எதிரே வைக்கத்தக்கது, வேறிடத்தில் அமைப்பதைவிட ஆரேயில் அமைப்பதனால் மிஞ்சிய பணமும் காலமுமே ஆகும். ரயிலா, மரமா என்னும் வினாவே பிழைபட்டது. இந்த இடமா, வேறு இடமா என்பதே சரியான வினா.

அவ்வினாவை யாரும் எழுப்பவில்லை என்று சொல்வதற்கில்லை. 2015இல் மாநில அரசு அமைத்த குழுவில் சுற்றுச்சூழல் வல்லுநர் இருவர் மாறுபட்ட கருத்தைப் பதிவு செய்தனர். எனினும் விடை முடியுமுன்னரே 2017இல் சுரங்கப் பொறிகள் மண்ணுக்குள் இறங்கிவிட்டன. 2022இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வழக்கு வந்தபொழுது, பாதையின் பணிகளில் ஏறத்தாழ நூற்றுக்கு 95 பங்கு முடிந்திருந்தது. 23,000 கோடியாக மதிக்கப்பட்ட செலவு 37,000 கோடியைக் கடந்திருந்தது. அந்நிலையில் எந்த நீதிபதிதான் நிறுத்துவார்? வீடு கட்டி முடித்த பின் மனைக்கு வில்லங்கம் பார்ப்பது போன்றதே பிந்திய மதிப்பீடு. தாமதத்தினால் மரமும் போயிற்று, பணமும் போயிற்று. அப்பணமோ பயணச்சீட்டிலும் வரியிலும் நம்மிடமிருந்தே திரும்பி வர வேண்டியது.

மதிப்பீடு என்பது மரங்களை எண்ணுவதோடு முடிவதும் அன்று. சுரங்கம் தோண்டினால் நிலம் அதிரும். பழங்கட்டடங்களின் சுவர்கள் தாங்குமா எனப் பார்த்தல் வேண்டும். தோண்டிய மண்ணை எந்தப் பள்ளத்தில் கொட்டுவது, அது எவ்வூரின் வடிகாலை அடைக்கும் எனப் பார்த்தல் வேண்டும். இரவெல்லாம் பொறி முழங்கினால் நோயாளியும் மாணவனும் உறங்குவது எங்ஙனம்? தென் மும்பைக் குடியிருப்போர் இதனை முறையிட்டபோது, 2017இல் உயர் நீதிமன்றம் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பணியை நிறுத்தியது. பெயர்த்து நட்ட மரங்களோ பல பட்டுப்போயின. நட்டதைக் கணக்கில் எழுதினோர், பட்டதையும் எழுத வேண்டாவா?

ஆதலின், தங்கள் நகரில் புதிய பாதை வருகிறது என்றால் அன்பர்கள் நான்கு வினாக்களைக் கேட்பார்களாக. ஒன்று: வேறு எந்த இடங்களை ஆராய்ந்தீர்கள், அவற்றை ஏன் தள்ளினீர்கள்? இரண்டு: அளவெடுத்தது எந்தப் பருவத்தில்? கோடையில் மட்டும் பார்த்தவர் மழைக்கால ஆற்றை அறிய மாட்டார். மூன்று: இழப்பவர் யார்? நாள்தோறும் பயணம் செய்வோர் பெறும் நன்மைக்காக, குடிசை இழப்பவரின் பெயர் அறிக்கையில் உண்டா? நான்கு: திறப்பு விழாவுக்குப் பிறகு, நட்ட கன்றுகளையும் காற்றையும் நீரையும் பார்த்து ஆண்டுதோறும் எழுதுவார் யார்?

இவற்றைக் கேட்க வழியும் உண்டு. மகாராஷ்டிரத்தில் 1975ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டப்படி, மரம் வெட்டுமுன் அறிவிப்பு வெளியிட்டு எதிர்ப்புரைகளைக் கேட்டல் வேண்டும். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி அறிக்கையின் படியைக் கேட்டுப் பெறலாம். "நாம் பிழைக்க வந்தவர்கள், இவ்வூர் விவகாரம் நமக்கு எதற்கு?" என்பார் நம்மவருள் உளர். அந்நகரின் நீரையே நாம் குடிக்கிறோம். அதன் வெள்ளம் நம் அடுப்படிக்கும் வருகிறது. மொழி தடை என்றால், மராத்தியும் கன்னடமும் பள்ளியில் பயிலும் பிள்ளைகள் நம் வீட்டிலேயே இருக்கின்றனரே! அவர்களைக் கொண்டு ஒரு பக்கம் எழுதி, கெடு நாளுக்குள் சேர்த்து, சேர்ந்ததற்குச் சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சகோதரியின் வினாவுக்கு நம் விடை இதுவே: கணவர் கேட்பதும் நியாயம், மகள் கேட்பதும் நியாயம். இருவர் கேட்பதையும் ஒருங்கே தரும் இடம் எங்கேனும் உண்டா என்று தேடுவது பொறியியலாரின் கடமை. முதல் மண்வெட்டி விழுமுன் அவர்களைத் தேடச் செய்வது நம் கடமை.