ஜாக் மார்ஷலுக்கு நேரம் வேண்டும்

'பிராட்சர்ச்' போன்ற மெதுவான மர்மத் தொடர்களை இரண்டு மணி நேரப் படமாகச் சுருக்கிவிடலாம், மீதியெல்லாம் இழுவை என்கிறார்கள். கொலையாளி யார் என்பது மட்டுமே கதை என்றால் சரிதான்; அதற்கு இரண்டு மணி நேரம்கூட அதிகம். ஆனால் 2013-இல் பிரிட்டனின் ஐடிவி ஒளிபரப்பிய அந்த எட்டு அத்தியாயங்களில், டேனி என்ற 11 வயதுச் சிறுவனின் கொலை ஒரு கடற்கரைச் சிற்றூரையே கூண்டில் ஏற்றுகிறது. பத்திரிகைக் கடை வைத்திருக்கும் ஜாக் மார்ஷலைப் பாருங்கள். முதலில் யாரும் பெரிதாகக் கவனிக்காத முதியவர். பிறகு அவருடைய பழைய வழக்கு ஒன்று கிளறப்படுகிறது, நாளிதழ்கள் துரத்துகின்றன, தெரிந்த முகங்களே அவருக்கு எதிராகத் திரள்கின்றன. அவர் உயிரை மாய்த்துக்கொள்கிறார். கொலைக்கும் அவருக்கும் தொடர்பே இல்லை. (கொலையாளி யார் என்பதை இங்கே போட்டு உடைக்கப்போவதில்லை.) அவரைச் சந்தேகித்த பழியில் பார்வையாளருக்கும் பங்கு வரவேண்டுமென்றால், அந்தச் சந்தேகம் ஊறுவதற்கு நேரம் வேண்டும். சுருக்கப்பட்ட படத்தில் அவர் கதையைத் திசைதிருப்ப வந்த ஓர் ஆள், அவ்வளவுதான்.

அப்படியானால் நீளமே தகுதியா என்று கேட்பார்கள். இல்லவே இல்லை. இதே கதையை 2014-இல் அமெரிக்காவில் 'கிரேஸ்பாயின்ட்' என்று எடுத்தார்கள். துப்பறிபவராக 'பிராட்சர்ச்'சில் நடித்த அதே டேவிட் டென்னன்ட், அத்தியாயங்கள் பத்து. ஒரே பருவத்தோடு நின்றுபோனது. கூட்டிய நேரம் சந்தேகங்களைப் பெருக்கியதே தவிர, ஊரைப் பற்றிப் புதிதாக எதுவும் சொல்லவில்லை. இழுவை என்ற வசவை அதற்குக் கொடுங்கள், மறுக்கமாட்டேன், 'பிராட்சர்ச்'சை விட்டுவிடுங்கள்.