குமிழா, குச்சியா?

எது முதலில்? அடுப்பின் குமிழைத் திருகுவதா, தீக்குச்சியைக் கிழிப்பதா?

குச்சிதான் முதலில்! (லைட்டர் என்றால், அது கைக்கு வந்த பிறகே குமிழ்.) ஆனால் பல வீடுகளில் குமிழைத் திருகிவிட்டுத்தான் தீப்பெட்டியைத் தேடுகிறார்கள். முதல் குச்சி நமத்திருக்கும். இரண்டாவது ஒடிந்துபோகும். அதற்குள் கேஸ் வந்துகொண்டே இருக்கிறது.

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. மேலே பறந்துபோகாது, தரையோடு தவழ்ந்து மூலையில் தங்கும். அதற்கு இயற்கையில் வாசனையும் கிடையாது. கசிவு தெரியட்டும் என்றுதான் நாற்றமுள்ள ரசாயனத்தைச் சேர்க்கிறார்கள். அந்த நாற்றம் வந்தால் மின்விளக்கைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ஒரு சிறு பொறி போதும்! ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள்.

கசிவைக் கண்டுபிடிக்கக் குச்சி கொளுத்திக் காட்டும் வீரர்களும் உண்டு! சோப்பு நுரையைத் தடவிப் பாருங்கள். கசிந்தால் குமிழி விடும்.

ரப்பர் குழாயை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். "நன்றாகத்தானே இருக்கிறது!" என்கிறார் வீட்டுக்காரர். கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறவர் அவர். அடுப்பின் முன் நிற்பதோ அவருடைய மனைவி. குழாய் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று சொல்லவேண்டியது யார்? என் கட்சி, அந்த அம்மாள் கட்சிதான். அவர் கேட்டால் அன்றைக்கே புதுக்குழாய் வரவேண்டும்.