பூட்டு யாருக்கு? சாவி யாரிடம்?

"செல்போனுக்குள்ளேயே எல்லாப் பாதுகாப்பும் வைத்திருக்கிறோம். ஜனங்கள்தான் அதைச் சரியாகப் பயன்படுத்துவதில்லை. பணம் பறிபோனால் அது அவர்களுடைய கவனக்குறைவு!" கம்பெனிகளும் வங்கி நிர்வாகங்களும் சர்க்காரும் சேர்ந்து பாடும் பல்லவி இது. கொடைக்கானல் மலையில் கூலிக்குப் போகிறவரும், அடிவாரத்தில் திண்டுக்கல், வேடசந்தூர் நூல் மில்களில் வேலை செய்கிறவரும் இதைக் கேட்டுத் தலைகுனிய வேண்டுமாம். நாம் மறுக்கிறோம்.

செல்போனை இயக்கும் ஆண்ட்ராய்டு மென்பொருளில் காவல் ஏற்பாடுகள் இருப்பது உண்மை. திரைக்குப் பூட்டு உண்டு. ஊர் பேர் தெரியாத ஆப்பை ஏற்றப் போனால் எச்சரிக்கை வரும். மென்பொருளில் ஓட்டை தெரிந்தால் அதை அடைக்க அப்டேட் வரும். இவற்றை நாம் பழிக்கவில்லை. நல்ல பூட்டு நல்லதுதான். ஆனால் அது யாரை மனத்தில் வைத்துச் செய்த பூட்டு?

பூம்பாறைப் பூண்டு வயலிலும் தாண்டிக்குடிக் காப்பித் தோட்டத்திலும் உழைக்கும் குடும்பத்தில் வீட்டுக்கு ஒரு போன் என்றால், பகலில் அது தகப்பனிடம், மாலையில் படிக்கிற பிள்ளையிடம். பூட்டின் எண் வீட்டில் எல்லோருக்கும் தெரியாமல் எப்படி இருக்கும்? கைமாறி வந்த பழைய போன் என்றால் அதற்கு அப்டேட் வருவதே நின்றுபோயிருக்கும். வந்தாலும், மேட்டில் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கிற ஊரில் அது எப்போது இறங்கி முடியும்? எச்சரிக்கையோ படித்தவரே தடுமாறும் வார்த்தைகளில் வருகிறது. நாளுக்குப் பத்து முறை 'அனுமதிக்கவா?' என்று கேட்டால் பதினோராம் முறை யார் நின்று படிப்பார்?

படித்த கனவான்கள் மட்டும் என்ன செய்தார்கள்? 2007-ல் மைக்ரோசாப்ட் கம்பெனி விஸ்டா என்ற மென்பொருளைக் கடைக்குக் கொண்டுவந்தது. எதைத் தொட்டாலும் அது அனுமதி கேட்டு வழிமறித்தது. ஆபீஸ் கனவான்கள் பலர் சலித்துப்போய் அந்தக் காவலையே அணைத்து வைத்தார்கள். 2009-ல் வந்த அடுத்த பதிப்பில் கம்பெனி கேள்விகளைக் குறைத்தது. கனவான் அணைத்தால் பூட்டைத் திருத்துகிறார்கள். கூலிக்காரர் அணைத்தால் கவனக்குறைவு என்கிறார்கள். இது என்ன நியாயம்?

மில் தோழர்களுக்கு இந்த வழக்கு புதிதல்ல. சுழலும் இயந்திரத்துக்கு வேலி போடுவது முதலாளியின் கடமை என்று 1948-ம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தின் 21-வது பிரிவு சொன்னது. 'தொழிலாளி ஜாக்கிரதையாக இருந்துகொள்ளட்டும்' என்று விட்டுவிடவில்லை. எட்டு மணி நேரம் நின்று உழைத்த கை ஒரு நொடி தவறும். தவறும் கையைக் காக்கத்தான் வேலி. தவறாத கைக்கு வேலி எதற்கு? செல்போனுக்கும் இதே நியாயம்தான்.

'பாதுகாப்பு ஏற்பாடெல்லாம் இருந்தது' என்ற பேச்சைக் கொடைக்கானல் முன்பே கேட்டிருக்கிறது. ஹிந்துஸ்தான் லீவர் கம்பெனியின் தெர்மாமீட்டர் ஆலையைப் பற்றி நிர்வாகம் அப்படித்தான் சொன்னது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய சாமான் கடையில் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடந்ததை மக்கள் கண்டுபிடித்தார்கள். ஆலை மூடப்பட்டது. பதினைந்து வருடம் போராடிய பிறகே, 2016-ல், 591 முன்னாள் தொழிலாளர்களோடு கம்பெனி உடன்பாட்டுக்கு வந்தது. காவல் காகிதத்தில் இருந்தால் போதாது; காக்கப்படுகிறவர் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதே அந்த மலை தந்த பாடம்.

சர்க்காரும் ஒரு பூட்டைக் கொண்டுவந்தது. 2025 நவம்பர் 28-ல் மத்தியத் தொலைத்தொடர்பு இலாகா ஓர் உத்தரவு போட்டது. 'சஞ்சார் சாத்தி' என்ற ஆப்பைப் புதிய போன் ஒவ்வொன்றிலும் கம்பெனிகளே ஏற்றித் தர வேண்டும்; அதன் செயல்களை முடக்க இடமிருக்கக் கூடாது என்றது. திருட்டுப் போனையும் மோசடியையும் தடுக்கவாம்! தடுக்கட்டும். ஆனால் வீட்டுக்காரர் கழற்ற முடியாத பூட்டு எந்த வீட்டில் இருக்கிறது? சிறையில்தான் இருக்கிறது. நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பியது. வேண்டாதவர் நீக்கிக்கொள்ளலாம் என்று மந்திரி சமாதானம் சொன்னார். டிசம்பர் 3-ல் கட்டாயம் வாபஸ் ஆயிற்று. உத்தரவு வாழ்ந்தது ஆறு நாள்கூட இல்லை! ஜனங்களுக்குப் பாதுகாப்பு புரியவில்லை என்றவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்? காவலுக்கும் கண்காணிப்புக்கும் உள்ள வித்தியாசம் ஜனங்களுக்கு நன்றாகவே புரிகிறது.

நாம் கேட்பது தர்மம் அல்ல. ஒரு போன் மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது ஐந்து வருடம் அப்டேட் தர வேண்டும் என்ற விதி ஐரோப்பிய யூனியனில் 2025 ஜூன் 20 முதல் அமலாகிறது. அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது? எச்சரிக்கை எளிய தமிழில், பேசும் குரலில் வரட்டும். பணம் போனால் தவறு யாருடையது என்பதை வங்கி நிரூபிக்கட்டும். வாடிக்கையாளர் மீது பொறுப்பைச் சுமத்தினால் அதை நிரூபிக்க வேண்டியது வங்கிதான் என்று 2017 ஜூலை 6-ல் ரிசர்வ் வங்கியே சுற்றறிக்கை விட்டதே!

தோழர்களே! பூட்டை வெறுத்து அணைத்து வைக்காதீர்கள். அது திருடனுக்குத்தான் லாபம். ஓ.டி.பி. எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள். பணம் போனால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள், வங்கியில் எழுத்தில் புகார் கொடுங்கள். புரியாத எச்சரிக்கையைச் சங்கக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். பத்துப் பேர் சேர்ந்து படித்தால் புரியாதது இல்லை. இயந்திரத்துக்கு வேலி கேட்டுப் போராடி வாங்கிய வர்க்கம் நாம். இந்தப் பூட்டின் சாவியையும் கேட்டு வாங்குவோம்!