வாட்சைத் திருப்பிப் பாருங்கள்

போகிக்கு முந்தின வாரம் பீரோவை ஒழிக்கும்போது, நின்றுபோன கைக்கடிகாரம் ஒன்றாவது அகப்படாத வீடு இருக்காது. பட்டை இற்றுப்போயிருக்கும், கண்ணாடி மங்கியிருக்கும். "இதை வச்சுக்கிட்டு என்ன பண்றது?" என்று பழைய சாமானோடு தள்ளிவிடுகிறோம். சகோதரிகளே, தள்ளுவதற்கு முன் அதைத் திருப்பிப் பின்மூடியைப் பாருங்கள்.

எங்கள் கும்மிடிப்பூண்டிப் பக்கத்துத் தொழிற்சாலைகளிலும், சுற்றுவட்டாரப் பள்ளிகளிலும், ஒரு காலத்தில் விளையாட்டு விழா என்றால் கோப்பைக்கு அடுத்த பெரிய பரிசு வாட்ச்தான். கபடியோ, வாலிபாலோ, என்ன ஆட்டம், எந்த வருஷம் என்று பின்மூடியில் பொடி எழுத்தில் வெட்டிக் கொடுப்பார்கள். பெரும்பாலும் அது எச்.எம்.டி. வாட்ச். ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி உதவியோடு 1961-ல் பெங்களூரில் தொடங்கிய தொழிற்சாலை அது. ஜனதா, பைலட், பெண்களுக்கு சுஜாதா என்று சாவி கொடுக்கும் வாட்சுகள் வந்தன. 2016-ல் அந்த வாட்ச் கம்பெனியை மூட மத்திய அரசு முடிவெடுத்துவிட்டது. இப்போது பிள்ளைகள் அவற்றைத் தேடித் தேடிச் சேர்க்கிறார்கள்.

விளையாட்டுக்கும் கடிகாரத்துக்கும் உள்ள உறவு பழையது. 1932-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்சுக்கு ஒமேகா கம்பெனி 30 ஸ்டாப் வாட்சுகளை அனுப்பியதாம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்சை ஒட்டி அதே கம்பெனி வெளியிட்ட வாட்சுக்கு இன்று வெளிநாட்டில் கிராக்கி. அந்த ஒலிம்பிக்சில்தான் நம் ஹாக்கி அணி பாகிஸ்தானை 1-0 என்று ஜெயித்துத் தங்கம் வாங்கியது. 1984-ல் நம் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் வெண்கலத்தை இழந்தது ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கில். இவர் 55.42, மூன்றாவதாக வந்தவர் 55.41. கண் சிமிட்டக்கூட அதைவிட அதிக நேரம் ஆகுமே!

அதெல்லாம் பெரிய இடத்துச் சமாசாரம். எங்கள் தெருவில் எழுபது வயதைத் தாண்டிய பெரியம்மா ஒருவர் இருக்கிறார். அவருடைய சின்ன வாட்சை மருமகள் பிளாஸ்டிக் குடத்துக்கு மாற்றப் போனாள். "இரு, பின்னால என்னமோ எழுதியிருக்கே" என்று பேத்தி தன் போனில் பெரிதாக்கிப் படித்தாள். டெனிகாய்ட், முதல் பரிசு, 1972. வளையப் பந்தில் பெரியம்மா ஜெயித்தது அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது! கேட்டால், "அது கல்யாணத்துக்கு முன்னாடிம்மா, அதைப் போய் யாருகிட்டச் சொல்றது?" என்கிறார். அதே ஆட்டத்துக்குப் பள்ளியில் பேர் கொடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த பேத்தி, மறுநாளே பேர் கொடுத்துவிட்டாள்.

எல்லாருக்கும் இப்படி வாய்ப்பதில்லை. என் மூத்தாருக்கு வாலிபாலில் கிடைத்த வாட்சை ரிப்பேருக்குக் கொடுத்தோம். கடைக்காரர் பின்மூடியைத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கிக் கொடுத்தார். எழுத்து போயே போய்விட்டது. "பளபளன்னு பண்ணித் தந்திருக்கேன், கூலிகூட வாங்கலை" என்று அவர் பெருமையாகச் சொன்னபோது என்ன பதில் சொல்வது? மூத்தார் இரண்டு நாள் யாருடனும் பேசவில்லை.

ஆகவே கடையில் கொடுக்கும்போதே, "பின்மூடியைத் தேய்க்காதீங்க, டயலுக்குப் பெயின்ட் அடிக்காதீங்க, உள்ளே சுத்தம் பண்ணி எண்ணெய் மட்டும் போடுங்க" என்று சொல்லி, ஒரு சீட்டிலும் எழுதிக் கொடுங்கள். டயலில் லேசான பழுப்பு இருந்தால் இருக்கட்டும். பழைய எந்திரத்தின் மேல் புது வர்ண டயலைப் பொருத்தி, ஏதோ பந்தய முத்திரையையும் அச்சடித்து, அபூர்வ வாட்ச் என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள். எழுத்து தடித்து, ஓரம் கலங்கி, நிறம் கண்ணைப் பறித்தால் வாங்காதீர்கள்.

வீட்டில் நாமும் கை வைக்கக்கூடாது. குத்துவிளக்குக்குப் புளி, விபூதி சரி; வாட்சுக்கு ஆகாது. பல பழைய வாட்சுகளின் கூடு பித்தளைமேல் குரோம் பூசியது, தேய்த்தால் பூச்சு போய்விடும். உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும். ஓடுகிற வாட்ச் என்றால் தினம் காலையில் ஒரே நேரத்தில் சாவி கொடுங்கள். இறுகினதும் நிறுத்திவிட வேண்டும்.

குழந்தை உள்ள வீட்டில் இரண்டு விஷயம் கவனம். இருட்டில் ஒளிரும் முள் வைத்த மிகப் பழைய வாட்சுகளில் ரேடியம் பூசியிருக்கலாம். ஒளி அணைந்தாலும் கதிர்வீச்சு போகாது. அது பாதியாகக் குறையவே 1,600 வருஷம் ஆகும். அதைத் திறக்கவோ சுரண்டவோ கூடாது, குழந்தை கையில் விளையாடக் கொடுக்கவும் கூடாது. இன்னொன்று, இந்தக் கால வாட்சில் உள்ள பொத்தான் பேட்டரி. குழந்தை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே புண்ணாக்கிவிடும். வாந்தி எடுக்கவைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

பின்மூடியில் ரொம்ப எழுத இடம் இருக்காது. யார் ஆடினார்கள், எந்த மைதானம், எதிரில் யார், வாட்ச் கிடைத்த அன்று வீட்டில் என்ன சொன்னார்கள் என்பதையெல்லாம் பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி, வாட்சோடு அதே டப்பாவில் போட்டு வையுங்கள். பெரியம்மாவிடம் நான் கேட்டு எழுதியது ஒன்றரைப் பக்கம் வந்தது.