உள்ளூர் ரேடியோவும் உள்ளூர் ஆசிரியர்களும்

தன் ஜில்லாவில் பிறந்த நூல்களைத் தானே அறியாத ஜனசமூகம், தன் நிலத்தின் விளைவைத் தான் உண்ணாத குடியானவனை ஒக்கும். தலைநகரில் ஓர் ஆசிரியருக்குப் பரிசு அறிவிக்கப்பட்ட பிறகுதான், அவர் அடுத்த தெருவில் வசிப்பவர் என்பது பல ஊர்களில் ஊராருக்குத் தெரியவருகிறது. இந்தக் குறையைச் சொற்பச் செலவில் நீக்கக்கூடிய சாதனம் நம் கைவசம் இருக்கிறது. உள்ளூர் ரேடியோவே அந்தச் சாதனம். ஒவ்வோர் உள்ளூர் நிலையமும் வாரந்தோறும் அரைமணி நேரமாவது தன் வட்டாரத்து நூல்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒதுக்கவேண்டும் என்று நாம் வற்புறுத்துகிறோம். அங்குமிங்கும் நூல் அறிமுக நிகழ்ச்சிகள் நடைபெறுவதை நாம் அறியாமலில்லை. ஆனால் ஓர் அதிகாரியின் இலக்கிய ஆர்வத்தால் பிறந்து, அவர் மாற்றலாகிப் போனதும் மறையும் நிகழ்ச்சிகளை நம்பியிருக்க முடியாது. இது நிலையத்தின் நிரந்தரக் கடமையாக வேண்டும்.

தமிழ்நாட்டில் ரேடியோவுக்கும் எழுத்துக்கும் உள்ள உறவு புதிதன்று. 1924-ல் சென்னையில் சில ஆர்வலர்கள் கூடி ஒரு ரேடியோ சங்கம் கண்டார்கள். 1930-ல் நகரசபை அந்தப் பணியை ஏற்றது. 1938-ல் சென்னையிலும் 1939-ல் திருச்சிராப்பள்ளியிலும் அகில இந்திய ரேடியோ நிலையங்கள் தோன்றின. புலவர்களும் கதாசிரியர்களும் அந்த நிலையங்களுக்குச் சென்று பேசினார்கள். தி. ஜானகிராமனும் அகிலனும் ரேடியோவிலேயே உத்தியோகம் பார்த்தவர்கள். எழுத்தறியாத வீட்டுக்குள்ளும் இலக்கியத்தை எடுத்துச் சென்ற பெருமை ரேடியோவுக்கு உண்டு.

இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984-ல் நிறுவப்பட்டது நம் நாகர்கோவிலில்தான். தமிழ் பேசும் காரணத்தாலேயே திருவிதாங்கூரிலிருந்து பிரியவேண்டுமென்று போராடி, 1956 நவம்பர் 1-ந் தேதி தாய்த்தமிழகத்தோடு இணைந்த ஜில்லா அது. அந்தச் சிறிய ஜில்லாவின் எழுத்துச் செல்வத்தைப் பாருங்கள். தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. பனையேறிகளின் வாழ்வைப் 'புத்தம் வீடு' நாவலில் வரைந்த ஹெப்சிபா ஜேசுதாசன். 'ஒரு புளியமரத்தின் கதை' தந்த சுந்தர ராமசாமி. 'புதிய தரிசனங்க'ளுக்காக 1994-ல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற பொன்னீலன். தேங்காய்ப்பட்டணத்தின் கடலோர முஸ்லிம்களை இலக்கியத்தில் ஏற்றிய தோப்பில் முஹம்மது மீரான். ஊர்ப் பெயரையே தம் பெயராகச் சூடிய நாஞ்சில் நாடன். ஒரு ஜில்லாவுக்கே இவ்வளவு என்றால், கரிசல் பூமிக்கும் கொங்கு நாட்டுக்கும் தஞ்சைத் தரணிக்கும் கணக்குப் போடுவது வாசகர்களுக்குச் சிரமமன்று.

இந்த ஆசிரியர்களுக்கு ரேடியோ செய்யக்கூடியதை அச்சு செய்ய முடியாது. மீரானின் பாத்திரங்கள் பேசும் கடற்கரைத் தமிழில் மலையாளமும் அரபும் கலந்திருக்கின்றன. காவேரிக் கரை வாசகன் அதைப் படிக்கும்போது சொற்பொருள் பட்டியலைத் தேடுகிறான். அதே பக்கத்தை அந்த மண்ணின் ஒருவர் உரிய ஏற்ற இறக்கத்தோடு வாசித்தால், பாதிச் சொற்களின் பொருள் காதிலேயே விளங்கிவிடும். வட்டார வழக்கு என்பது எழுத்துப் பிழையன்று, உயிருள்ள தமிழின் ஓர் அங்கம் என்பதை ஆயிரம் கட்டுரைகளால் நிரூபிப்பதைவிட, ஒரு முறை கேட்கச் செய்வது மேலானது.

ஆட்சேபங்கள் இல்லாமலில்லை. இக்காலத்தில் ரேடியோவை யார் கேட்கிறார்கள் என்று வினவுவோர் உண்டு. கையும் கண்ணும் வேலையில் இருக்க, காது மட்டும் ஓய்ந்திருப்பவர்கள் கேட்கிறார்கள் என்பதே நமது பதில். பீடி சுற்றும் பெண்ணும், தறியில் அமர்ந்த நெசவாளியும், தையற்காரரும், அடுப்படியில் நிற்கும் தாயும் புத்தகத்தை விரித்துப் பிடிக்க முடியாது. கதையைக் கேட்க முடியும். கண்பார்வை இழந்தோர்க்கு இதன் அருமையை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சினிமாப் பாட்டுக்குத்தான் விளம்பரம் வருகிறது என்று சொல்லுவோரும் உண்டு. 2001 முதல் ஒலிபரப்பத் தொடங்கிய தனியார் பண்பலை நிலையங்களைச் சொந்தமாகச் செய்தி தயாரித்து வாசிக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு அனுமதித்தார்கள். செய்திக்குத் தடை இருந்தது. புத்தகத்தைப் பற்றிப் பேச யார் தடுத்தார்கள்?

மூன்றாவது ஆட்சேபம் சற்று அபாயகரமானது. தலைநகரில் ஒரு நிகழ்ச்சியைத் தயாரித்து எல்லா நிலையங்களும் அஞ்சல் செய்துவிட்டால் செலவு மிச்சம் என்பது அது. மிச்சமாகும் பணம் சொற்பம், இழப்போ பெரிது. சென்னையிலிருந்து பேசுகிறவருக்கு எல்லா ஜில்லாக்களும் தூரத்து ஊர்களே. உள்ளூர் நிலையத்திலிருந்து உள்ளூர்க் குரலை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு கோபுரமும் சில யந்திரங்களுமே.

நடத்தும் முறையைப் பற்றியும் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம். நிகழ்ச்சி பரிசு பெற்றவர்களுக்கு மாத்திரம் உரியதாக இருக்கலாகாது. ஊர்ச் சரித்திரம் எழுதிய பள்ளி உபாத்தியாயர், நாட்டுப் பாடல்களைத் திரட்டியவர், தம் சொந்தச் செலவில் முதல் கவிதைத் தொகுதியை அச்சிட்ட வாலிபர் ஆகியோருக்கும் இடம் வேண்டும். ஆனால் அது வாழ்த்துரை மண்டபமாகிவிடக்கூடாது. குறையைக் குறை என்று சொல்லும் விமர்சனமில்லாவிட்டால், கேட்பவர்கள் நிறையையும் நம்பமாட்டார்கள். வருகிற ஆசிரியருக்கு நியாயமான சன்மானம் தரவேண்டும். ஊர் உறங்கிய பின் ஒலிபரப்பிக் கணக்குக் காட்டுவதும் உதவாது. மறு ஒலிபரப்பும் தேவை.

ரேடியோவில் பேசப்படும் நூல் அந்த வாரமே ஜில்லா நூலகத்தில் கிடைக்கவேண்டும். சுதந்திர இந்தியாவில் முதலாவதான பொது நூலகச் சட்டத்தை 1948-ல் இயற்றிய மாகாணம் நம்முடையது. சொத்து வரியோடு நூலக வரியும் செலுத்துகிற ஜனங்கள், காதால் கேட்ட புத்தகத்தைக் கையால் தொட உரிமையுடையவர்கள். நூலகமும் நிலையமும் ஒரே ஊரில் இருந்தும் ஒன்றையொன்று அறியாமலிருப்பது விநோதமே.

எல்லாவற்றுக்கும் மேலாக, பதிவுகளைப் பாதுகாக்கவேண்டும். நாடாவின் விலையைக் கருதி, பதிந்ததை அழித்து அதன்மேல் வேறொன்றைப் பதிவது வானொலி உலகின் பழைய வழக்கம். பாரதியார் 1921-ல் மறைந்தபோது சென்னையில் ரேடியோவே இல்லை. அவர் குரல் ரேடியோவில் ஒலிக்காமற் போனது காலத்தின் குற்றம். இன்று இருக்கும் ஆசிரியர்களின் குரலை இழந்தால் அது நமது குற்றமே. இக்காலத்தில் ஒலியைச் சேமிக்கச் செலவு மிகக் குறைவு. இணையத்தில் வைத்துவிட்டால் கோலாலம்பூரிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ள தமிழரும் கேட்கலாம்.

வான்வெளி அலைகள் பொதுஜனச் சொத்து என்று சுப்ரீம் கோர்ட்டு 1995-ல் தீர்ப்பளித்திருக்கிறது. நாட்டின் பல பிரதேசங்களின் மொழிகளுக்கும் கலாசாரங்களுக்கும் போதிய இடம் தரவேண்டும் என்று பிரசார் பாரதி சட்டமே விதிக்கிறது. ஆகவே நாம் கேட்பது சலுகையன்று. வாரத்தில் அரைமணி நேரம் தங்கள் மண்ணின் எழுத்தைத் தங்கள் அலையில் கேட்க ஜனங்களுக்குப் பாத்தியதை உண்டு. நிலைய அதிகாரிகள் இதைத் தாமாகவே செய்தால் நாடு பாராட்டும். செய்யத் தாமதித்தால், அந்தந்த ஊர் வாசகர்கள் எழுதிக் கேட்டுப் பெறவேண்டும்.