"அதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்பவர்களுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். கோபம் வந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.

நம் பிள்ளைகளில் சிலர், பருவநிலை மாற்றம் பற்றி மக்களிடையே வேலை செய்வதையே தொழிலாக எடுத்துக்கொள்ள விரும்புகிறார்கள். உடனே பெற்றோர் எனக்குப் போன் செய்கிறார்கள். அவர்களும் என்னிடம் படித்தவர்கள்தான். "சார், நீங்க சொன்னா கேப்பான். பேங்க் எக்ஸாம் எழுதச் சொல்லுங்க." சொல்ல மாட்டேன். காரணத்தை எல்லோருக்குமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

முதல் கேள்வி: "அதெல்லாம் ஒரு வேலையா?"

2023 பிப்ரவரியில் அறுவடை நேரத்தில் மழை பெய்து சம்பா சாய்ந்தது. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் நெல்லை எடுக்க மாட்டார்கள். அதைத் தளர்த்தச் சொல்லி மனு எழுத வேண்டும். பயிர்க் காப்பீடு உங்கள் வயலைப் பார்த்து வருவதில்லை, வருவாய்க் கிராமத்தின் சராசரி மகசூலைப் பார்த்து வருகிறது. அந்தக் கணக்கு புரியாமல் எத்தனை பேர் அலுவலகத்துக்கு அலைந்தார்கள்! அதே ஆண்டு மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்தும், பின்னால் தண்ணீர் இல்லாமல் குறுவை காய்ந்தது. வானம் மாறிவிட்டது, விதிகள் மாறவில்லை. நடுவில் நின்று இரண்டையும் படித்துச் சொல்ல ஆள் வேண்டும். அதுதான் இந்த வேலை. டெல்டாவில் இதைவிட அவசியமான வேலை எது?

இரண்டாவது: "சேவைன்னா சம்பளம் எதுக்கு?"

ஆசிரியர் பணியையும் புனிதம், சேவை என்றுதான் சொன்னார்கள். அதற்காக நாங்கள் சம்பளம் வாங்காமல் இருந்தோமா? சம்பளம் இல்லாத வேலையை வசதியான வீட்டுப் பிள்ளை மட்டும்தான் செய்ய முடியும். கூலிக்காரர் மகளும் வர வேண்டுமானால் ஊதியம் வேண்டும். வழியும் இருக்கிறது. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதன் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனம், முத்துப்பேட்டையிலும் பிச்சாவரத்திலும் ஊர் மக்களைச் சேர்த்துக்கொண்டு அலையாத்திக் காட்டை மீட்டது. அதில் வேலை செய்தவர்கள் மாதச் சம்பளக்காரர்கள். தமிழக அரசும் 2022-இல் காலநிலை மாற்ற இயக்கத்தைத் தொடங்கி, பசுமைப் புத்தாய்வுத் திட்டத்தில் மாவட்டங்களுக்கு இளைஞர்களை ஊதியத்துடன் அனுப்பியது. இடங்கள் குறைவு என்பது உண்மை. குறைவு என்றால் அதிகம் கேளுங்கள். பிள்ளையைத் தடுக்காதீர்கள்.

மூன்றாவது: "போராட்டம், போலீஸ் கேஸ்னு போயிடுவான்."

இந்தப் பயம் நியாயமானது. நம் தாலுகா கதிராமங்கலத்திலேயே 2017-இல் எண்ணெய்க் குழாய் கசிந்தபோது, கேள்வி கேட்டவர்கள் அடி வாங்கினார்கள். பேராசிரியர் த.செயராமன் உள்ளிட்டோர் சிறைக்குப் போனார்கள். மறைக்கவில்லை. ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். 2010-இல் மன்னார்குடிப் பகுதியில் மீத்தேன் எடுக்க ஒப்பந்தம் போட்டபோது, அது என்னவென்று நம்மில் யாருக்குத் தெரியும்? நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகப் போய்ச் சொன்னார். அந்தப் பிரசாரத்தின் நடுவிலேயே 2013 டிசம்பர் 30 அன்று அத்திவெட்டியில் உயிர் நீத்தார். 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. 2023-இல் வடசேரியை நிலக்கரி ஏலப் பட்டியலில் சேர்த்தபோது, சில நாட்களில் அதை நீக்க வேண்டியதாயிற்று. உங்கள் நிலத்தின் பட்டா இன்றைக்கும் மதிப்போடு இருப்பதில் இவர்கள் உழைப்பும் இருக்கிறது. அந்த உழைப்பை வேண்டும் என்கிறீர்கள், உழைக்கிறவன் மட்டும் பக்கத்து வீட்டுப் பிள்ளையாக இருக்க வேண்டுமா?

இனி பிள்ளைகளுக்கு. உங்களையும் விடப்போவதில்லை.

சென்னையில் ஏ.சி. அரங்கில் கருத்தரங்கு, கழுத்தில் அடையாள அட்டை, ஒரு செல்ஃபி, ஒரு சான்றிதழ். இது பருவநிலைப் பணி இல்லை. விழிப்புணர்வு ஏற்படுத்துகிறோம் என்று சொல்லிக்கொண்டு ஊருக்குள் போகாதீர்கள். மழை தவறுவதை உங்களுக்கு முன்பே அறிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். நெல் ஜெயராமன் பெரிய படிப்புப் படித்தவர் அல்ல. ஆனால் 174 பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டார். உழவனிடம் கேட்டு, வாங்கி, விதைத்து, திருப்பிக் கொடுத்துத்தான் மீட்டார்.

கசப்பானதைச் சொல்லும் தைரியமும் வேண்டும். மீத்தேன் வேண்டாம் என்று போராடிய ஊர் இது. ஆனால் எப்போதும் தண்ணீர் தேங்கி நிற்கும் நெல் வயலிலிருந்தும் மீத்தேன் வருகிறது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் அது குறையும், தண்ணீரும் மிச்சமாகும். இதை உழவர் மனம் நோகாமல், முறை வைத்து தண்ணீர் வரும் வாய்க்காலின் சிக்கலையும் புரிந்துகொண்டு பேசத் தெரிகிறதா? பக்கத்திலேயே ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஒரு நாளாவது உள்ளே போயிருக்கிறீர்களா?

ஆயிரக்கணக்கில் பணம் கட்டி ஆன்லைன் வகுப்பில் சேரும் முன் மூன்று காரியம் செய்யுங்கள். ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. ஆறுக்கும் போய் உட்காருங்கள். ஒரு உழவரின் காப்பீட்டு மனுவைத் தொடக்கம் முதல் பணம் வரும் வரை கூடவே இருந்து முடித்துக் கொடுங்கள். ஒரு போகம் முழுக்க ஒரே வாய்க்காலில் தண்ணீர் வந்த நாட்களைக் குறித்து வையுங்கள். இந்த மூன்றையும் முடித்த பிள்ளையை எந்த நிறுவனமும் லேசாக ஒதுக்காது.

பெற்றோருக்குக் கடைசியாக ஒன்று. வங்கி வேலை நல்ல வேலைதான். ஆனால் அந்த வங்கி கொடுக்கிற பயிர்க் கடனும் விளைந்தால்தான் திரும்பும். விளைய வைக்கப் போகிறேன் என்று கிளம்பும் பிள்ளைக்கு இரண்டு வருடம் அவகாசம் கொடுங்கள். அதற்குள் எனக்குப் போன் செய்யாதீர்கள்.