இரத்தக் கறை படியாத இரண்டு கடிதங்கள்!

இரண்டு துண்டுக் காகிதங்கள் மூன்று பேரைத் தூக்கு மேடையின் படி வரை கொண்டு சென்றன. அந்தக் காகிதங்களை நம்ப முடியாது என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் சொல்வதற்குள் பல ஆண்டுகள் ஓடி விட்டன. அந்த ஆண்டுகளை யார் திருப்பிக் கொடுப்பது?

அக்சர்தாம் வழக்கைத் தான் சொல்கிறோம். பழைய வழக்கு தானே, இப்போது எதற்கு என்று கேட்காதீர்கள். இந்த வழக்கில் நம் சமுதாயத்து வாலிபர்களுக்கும் வியாபாரிகளுக்கும் ஒரு பாடம் இருக்கிறது. அதை நாம் இன்னும் படிக்கவில்லை.

நடந்தது என்ன?

2002 செப்டம்பர் 24. குஜராத் மாநிலம் காந்திநகரில் உள்ள அக்சர்தாம் கோவிலுக்குள் துப்பாக்கிகளோடும் கையெறி குண்டுகளோடும் இருவர் புகுந்தனர். வழிபட வந்திருந்த பெண்களும் குழந்தைகளும் சுட்டுக் கொல்லப்பட்டனர். 30-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஏராளமானோர் காயமடைந்தனர். தேசியப் பாதுகாப்புப் படையினர் வந்து அந்த இருவரையும் சுட்டு வீழ்த்தினர்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லி விடுகிறோம். அது கொடூரமான படுகொலை. வழிபாட்டுத் தலத்தில் நிராயுதபாணிகளைக் கொன்றவனுக்காக வாதாட நம்மிடம் ஒரு வார்த்தையும் இல்லை. அந்தக் கொலைக்கு முன்னால் குஜராத்தில் என்ன நடந்தது என்று சொல்லி இதை நியாயப்படுத்த எவரேனும் முயன்றால் அவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர். ஓர் அநியாயம் இன்னோர் அநியாயத்திற்கு உரிமம் ஆகாது.

ஆனால் கொலை கொடூரமானது என்பதற்காக, கையில் கிடைத்தவனையெல்லாம் கொலையாளி என்று சொல்லி விடலாமா? கேள்வி இது தான்.

தாக்குதல் நடந்து சுமார் 11 மாதங்கள் வரை வழக்கில் உருப்படியான துப்பு எதுவும் இல்லை. 2003 ஆகஸ்ட் 28 அன்று வழக்கு அகமதாபாத் குற்றப்பிரிவின் கைக்கு மாறியது. மறுநாளே கைதுகள்! பதினோரு மாதங்களாகக் கிடைக்காத சதிகாரர்கள் ஒரே இரவில் கிடைத்து விட்டார்கள். தாங்கள் அதற்கு முன்பே சட்ட விரோதமாகப் பிடித்து வைக்கப்பட்டிருந்ததாகவும், அடித்துத் துன்புறுத்தப்பட்டதாகவும் கைதானவர்கள் சொன்னார்கள். அன்று அதைக் கேட்க ஆள் இல்லை.

2006-ல் பொடா நீதிமன்றம் ஆறு பேரைக் குற்றவாளிகள் என்றது. மூவருக்குத் தூக்கு. ஒருவருக்கு ஆயுள். மற்ற இருவருக்குப் பத்தாண்டும் ஐந்தாண்டும் சிறை. 2010-ல் குஜராத் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

கடிதங்களின் கதை

இந்தத் தீர்ப்புகள் நின்றது எதன் மீது? ஒன்று, போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட வாக்குமூலங்கள். இன்னொன்று, உருதுவில் எழுதப்பட்ட இரண்டு கடிதங்கள்.

செத்துக் கிடந்த இருவரின் கால்சட்டைப் பைகளிலிருந்து அந்தக் கடிதங்கள் எடுக்கப்பட்டன என்றது போலீஸ். கைதானவர்களில் ஒருவரான மார்க்க அறிஞரின் கையெழுத்து தான் அது என்று நிபுணரும் சொன்னார். போதாதா? கதை முடிந்தது!

கொஞ்சம் நில்லுங்கள். நீங்கள் வியாபாரி. சரக்கு வாங்கும் போது மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் பணம் கொடுப்பீர்களா? இந்த மூட்டையையும் பிரித்துப் பாருங்கள்.

அந்த இருவரும் விடிய விடியச் சண்டையிட்டு உடலெங்கும் குண்டு பாய்ந்து செத்தவர்கள். அணிந்திருந்த உடையில் இரத்தம். உடையில் குண்டு துளைத்த ஓட்டைகள். ஆனால் அந்த உடையின் பைக்குள் இருந்ததாகச் சொல்லப்பட்ட காகிதத்தில் ஒரு சொட்டு இரத்தம் இல்லை. ஓர் ஓட்டை இல்லை. மண் இல்லை. கசங்கல் கூட இல்லை. கடையில் வாங்கி அன்று எழுதியது போல் இருந்தது!

இந்தக் கேள்வி கீழ் நீதிமன்றங்களுக்குத் தெரியாமல் இல்லை. கற்பனையை விட உண்மை விசித்திரமானது என்ற பழமொழியைக் காட்டி அதைக் கடந்து விட்டார்கள். மூன்று பேரின் கழுத்தில் கயிற்றை மாட்டுவதற்கு ஒரு பழமொழி போதுமா? வீட்டு வாடகைத் தகராறில் கூட ரசீது கேட்கும் நாட்டில், உயிரை எடுக்கப் பழமொழி போதுமானதாக இருந்தது!

தன்னிடம் ஒரு தாளைக் கொடுத்து, அதைப் பார்த்து எழுது என்று போலீஸ் காவலில் கட்டாயப்படுத்தினார்கள் என்றார் அந்த அறிஞர். அப்படியானால் கையெழுத்து ஒத்துப் போவதில் என்ன அதிசயம்? எழுதியவர் அவர் தான். எப்போது, எங்கே, யாருடைய கட்டளைப்படி எழுதினார் என்பதல்லவா கேள்வி? அந்தக் கேள்விக்கு நிபுணரின் பூதக் கண்ணாடி பதில் சொல்லாது.

உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது?

2014 மே 16. நாடாளுமன்றத் தேர்தல் முடிவுகள் வெளியான நாள். நாடே தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்தது. அன்று தான் நீதிபதிகள் ஏ.கே. பட்நாயக், வி. கோபால கௌடா ஆகியோரின் அமர்வு ஆறு பேரையும் விடுதலை செய்தது. தண்டனையை அனுபவித்து முடித்தவரும் குற்றமற்றவர் ஆனார். அந்த ஆரவாரத்தில் இந்தச் செய்தி பலரின் காதுகளை எட்டவே இல்லை.

சுத்தமாக இருந்த அந்தக் கடிதங்களை நம்ப முடியாது என்றது நீதிமன்றம். வாக்குமூலங்களையும் ஏற்கவில்லை. பொடா சட்டப்படி, வாக்குமூலம் கொடுத்தவரை உடனே நீதிபதியின் முன் நிறுத்தி, மிரட்டப்பட்டாரா, அடிக்கப்பட்டாரா என்று விசாரித்து, பிறகு நீதிமன்றக் காவலுக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பாதுகாப்புகள் பின்பற்றப்படவில்லை. வழக்குத் தொடர மாநில உள்துறை அளித்த அனுமதியும் சிந்தித்து அளிக்கப்பட்டதல்ல என்றது. ஒரே தாக்குதலுக்கு காஷ்மீர் போலீஸ் ஒரு கதையும் குஜராத் போலீஸ் இன்னொரு கதையும் வைத்திருந்தன. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. உண்மைக் குற்றவாளிகளைப் பிடிப்பதை விட்டு விட்டு நிரபராதிகள் மீது வழக்குப் போட்டு விட்டார்கள் என்று நீதிபதிகள் வேதனையை வெளியிட்டார்கள்.

'சட்ட ஓட்டையில் தப்பித்து விட்டார்கள்' என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களிடம் நாம் கேட்கிறோம். மறைவானது யாருக்கும் தெரியாது. உங்களுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. நீதிமன்றத்தின் முன் என்ன வைக்கப்பட்டது என்பது மட்டும் தான் தெரியும். வைக்கப்பட்டதில் எது நின்றது? கடிதமா? வாக்குமூலமா? அனுமதி ஆணையா? ஒன்றும் நிற்கவில்லை என்றால் அதற்குப் பெயர் ஓட்டையா, இல்லை வழக்கே இல்லை என்பதா?

2016-ல் இழப்பீடு கேட்டு இவர்கள் மீண்டும் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார்கள். அது மறுக்கப்பட்டது. போன வாலிபமும் போனது தான்.

இழந்தவர்கள் இவர்கள் மட்டுமா?

இல்லை! கோவிலில் தாயை இழந்த பிள்ளையும், பிள்ளையை இழந்த தாயும் இந்த வழக்கில் தோற்றவர்கள் தான். கொலையாளிகள் இருவர் செத்தார்கள். அவர்களை அனுப்பியவர் யார்? அந்தக் கேள்விக்கு அந்தத் தீர்ப்பில் பதில் கிடைக்கவில்லை. ஜோடிக்கப்பட்ட ஆதாரம் நிரபராதியைச் சிறையில் அடைப்பதோடு நிற்பதில்லை. உண்மைக் குற்றவாளிக்கு ஓடித் தப்ப பதினோரு ஆண்டுகள் அவகாசமும் கொடுக்கிறது. ஆகவே இது முஸ்லிம்களின் பிரச்சனை மட்டும் அல்ல.

தமிழகத்து வாசகர்களுக்கு இதைப் புரிய வைக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1991-ல் 19 வயதில் கைதான பேரறிவாளனை நீங்கள் அறிவீர்கள். தடா சட்டப்படி பெறப்பட்ட வாக்குமூலத்தில், பேட்டரி வாங்கிக் கொடுத்தேன் என்பது இருந்தது. எதற்கென்று தெரியாமல் வாங்கிக் கொடுத்தேன் என்று அவர் சொன்னது இல்லை. அதை எழுதாமல் விட்டு விட்டேன் என்று, பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரியே 2013-ல் ஒப்புக் கொண்டார். 2022 மே 18-ல் பேரறிவாளன் விடுதலையான போது முப்பது ஆண்டுகள் கடந்திருந்தன. அங்கே ஒரு கடிதம் சேர்ந்தது. இங்கே ஒரு வாக்கியம் விடுபட்டது. இரண்டும் தூக்குக் கயிற்றின் நுனி வரை இழுத்துச் சென்றன.

நம் பக்கத்துத் தவறு

மற்றவர்களைக் கேட்டோம். இனி நம்மை நாமே கேட்டுக் கொள்வோம்.

காலையில் நாளிதழில் 'சதிகாரன் கைது' என்று கொட்டை எழுத்தில் வந்தால் ஊரே நம்பி விடுகிறது. பிடிபட்டவனின் வீட்டுக்கு வாடகை வீடு கிடைப்பதில்லை. அவன் தங்கைக்கு வரன் வருவதில்லை. இதைச் செய்வது மாற்று மதத்தவர் மட்டுமா? நம் ஜமாஅத்துகளிலும் அந்த வீட்டு வாசலைக் கடக்கும் போது முகத்தைத் திருப்பிக் கொள்பவர்கள் இல்லையா?

இன்னொரு கூட்டமும் நம்மிடம் உண்டு. பிடிபட்டவன் நம்மவன் என்றால் போதும், வழக்கின் ஒரு தாளைக் கூடப் படிக்காமல் 'எல்லாம் ஜோடிப்பு' என்று மேடையில் முழங்குகிறார்கள். இதுவும் தவறு. ஜோடிப்பு என்பதும் ஒரு குற்றச்சாட்டு. அதற்கும் ஆதாரம் வேண்டும். எதற்கெடுத்தாலும் ஜோடிப்பு என்று கூச்சல் போட்டால், உண்மையிலேயே ஜோடிக்கப்பட்டவனின் அழுகுரல் யார் காதிலும் விழாது. நமக்கு எதிராகப் போனாலும் நீதியின் பக்கம் நிற்க வேண்டும் என்று கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம். அந்த ஆறு பேரை விடுவித்தது கோஷம் அல்ல. கடிதத்தில் இரத்தம் எங்கே என்று கேட்ட வழக்கறிஞரின் ஒரு கேள்வி!

வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை

சில ஆண்டுகளுக்கு முன் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் என்னிடம் வந்தார். முகம் வெளிறி இருந்தது. போலீஸ்காரர் ஒருவர் கடைக்கு வந்து, 'பாய், ஒரு சின்னக் கையெழுத்து' என்றாராம். கூட்டம் நிறைந்த நேரம். இவரும் போட்டுக் கொடுத்து விட்டார். பல மாதங்கள் கழித்து நீதிமன்றச் சம்மன் வந்த பிறகு தான், தான் ஒரு மகஜர் சாட்சி என்றே அவருக்குத் தெரிந்தது. தான் பார்த்தே இராத ஒரு கத்தி, தன் முன்னிலையில் கைப்பற்றப்பட்டதாக அதில் எழுதியிருந்தது.

ஜோடிக்கப்பட்ட ஆதாரம் எங்கே பிறக்கிறது தெரிகிறதா? காவல் நிலையத்தில் மட்டும் அல்ல. நம் கல்லாப் பெட்டியின் மேலும் பிறக்கிறது! நமக்கேன் வம்பு என்று நாம் போடும் கையெழுத்து யாரோ ஒரு தாயின் பிள்ளையைத் தூக்கில் ஏற்றலாம்.

எனவே கவனியுங்கள்.

சோதனைக்குச் சாட்சியாக எழுத்து மூலம் அழைக்கப்பட்டால் தக்க காரணம் இன்றி மறுக்கக் கூடாது. செல்லுங்கள். ஆனால் கண்ணால் கண்டதற்கு மட்டும் கையெழுத்திடுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்திடாதீர்கள். படித்துப் பார்த்து, கோடிட்ட இடங்கள் நிரப்பப்பட்டுள்ளனவா என்று பார்த்து, தேதியும் நேரமும் நீங்களே எழுதுங்கள்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய நடைமுறைச் சட்டத்தின் 105-வது பிரிவு, சோதனையையும் கைப்பற்றலையும் ஒலியோடு படம் பிடிக்க வேண்டும் என்கிறது. படம் எடுக்கப்படுகிறதா என்று பணிவாகக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

வாலிபர்களே! உங்கள் தெருவில் ஒருவர் கைது செய்யப்பட்டால் கூட்டம் கூடிக் கல்லெறியாதீர்கள். அது போலீசுக்கு இன்னொரு வழக்கைத் தான் கொடுக்கும். டி.கே. பாசு வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் வகுத்த விதிகளைத் தெரிந்து கொள்ளுங்கள். கைதுக் குறிப்பு எழுதப்பட வேண்டும். உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும். காவலில் 48 மணி நேரத்திற்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். 24 மணி நேரத்திற்குள் நீதிபதியின் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் கட்டளை. பிடித்துச் சென்ற நேரத்தைக் குறித்து வையுங்கள். அன்றே தந்தி போல் சுருக்கமாக உயர் அதிகாரிகளுக்கும் நீதிபதிக்கும் எழுத்தில் தெரிவித்து நகல் வைத்துக் கொள்ளுங்கள். பதினோரு ஆண்டுகள் கழித்து அந்த ஒரு நகல் ஓர் உயிரைக் காப்பாற்றலாம்.

குற்றம் செய்தவன் நம் வீட்டுப் பிள்ளையானாலும் தண்டிக்கப்பட வேண்டும். செய்யாதவன் எவர் வீட்டுப் பிள்ளையானாலும் காப்பாற்றப்பட வேண்டும். இந்த இரண்டில் ஒன்றை மட்டும் சொல்பவன் நீதியைக் கேட்கவில்லை, சலுகையைக் கேட்கிறான்.

நாளை உங்கள் கல்லாவின் மேல் ஒரு தாள் வைக்கப்படும் போது, கறை படியாத அந்த இரண்டு கடிதங்களை நினைத்துக் கொள்ளுங்கள். பேனாவை எடுப்பதற்கு முன் படியுங்கள்!